மிஷ்கின்: ஆறாயிரம் பேரின் தலைநகர்

சென்ற இதழில் வோல்கா நதி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, அந்நதிக்கரையில் சுண்டெலியைத் தன் நகரச் சின்னத்தில் பொறித்து வைத்திருக்கும் மிஷ்கின் என்ற சிற்றூர் இருக்கிறது என்றும், அது ஒரு மாவட்டத்தின் தலைநகர் என்றும் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள், பதிலின் மற்றப் பகுதிகள் அனைத்தையும் பற்றி வந்த கடிதங்களைவிட அதிகம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களின் வழியாக ரஷ்ய ஊர்ப்பெயர்களோடு பழகியவர்கள் இன்னும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள் என்பதை அக்கடிதங்கள் காட்டின. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் மிஷ்கினுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மிஷ்கினை மாவட்டத் தலைநகர் என்று எழுதியிருந்தீர்கள். ஆறாயிரம் பேர் வாழும் ஓர் ஊர் எப்படி மாவட்டத் தலைநகராக இருக்க முடியும்? அச்சுப்பிழையா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: அச்சுப்பிழை அன்று. ‘மாவட்டம்’ என்று நான் எழுதியது ‘ரயோன்’ என்ற ரஷ்யச் சொல்லுக்கு. ரஷ்யக் கூட்டரசில் மாகாணத்துக்கு ‘ஓப்லஸ்த்’ என்று பெயர். ஒவ்வொரு ஓப்லஸ்தும் பல ரயோன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 1,800 ரயோன்கள் இருக்கின்றன. மிஷ்கின் இருப்பது மாஸ்கோவுக்கு வடக்கே உள்ள யாரஸ்லாவ்ல் ஓப்லஸ்தில்; அந்த மாகாணத்தில் 17 ரயோன்கள். படிநிலையில் ரயோன் நம்முடைய வட்டத்துக்கு நிகரானது என்று சொல்லலாம். ஆனால் மக்கள்தொகையை வைத்து ஒப்பிடவே முடியாது. மிஷ்கின் ரயோனின் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் வாழ்பவர்களோ சுமார் பத்தாயிரம் பேர்தான். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மிஷ்கின் நகரத்திலேயே இருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மற்றவர்கள் காடுகளுக்கும் வயல்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் சிறுசிறு கிராமங்களில் வாழ்கிறார்கள். அவற்றுள் பலவற்றில் குளிர்காலத்தில் ஒன்றிரண்டு வீடுகளின் புகைபோக்கிகளில் மட்டுமே புகை எழும்.

தலைநகர் என்ற தகுதியின் பொருளை அந்தக் கிராமத்தில் நின்று பார்த்தால்தான் விளங்கும். குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யவும், திருமணத்தைப் பதிவு செய்யவும், நில ஆவணம் பெறவும், ஓய்வூதியம் பற்றி விசாரிக்கவும், நீதிமன்றத்தில் வழக்காடவும், ஊடுகதிர்ப்படம் எடுத்துப் பார்க்கவும் கிராமத்தார் வந்து சேர வேண்டிய இடம் அது. கிராமத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு மருத்துவ உதவியாளரின் சிறு நிலையம் மட்டுமே. மருத்துவர்கள் இருக்கும் மத்திய மாவட்ட மருத்துவமனை தலைநகரில்தான் இருக்கும். காவல்துறை, அரசு வழக்குரைஞர் அலுவலகம், கால்நடை மருத்துவ நிலையம், மாவட்ட நூலகம், மாவட்டச் செய்தித்தாள் ஆகியவையும் அங்கேதான். இத்தகைய ஊருக்கு ரஷ்யர்கள் வைத்திருக்கும் அன்றாடப் பெயர் ‘ரய்ட்சென்டர்’. கிராமத்தார் அதைக்கூட முழுதாகச் சொல்லாமல், “ரயோனுக்குப் போகிறேன்” என்பார்கள். மாவட்டம் முழுவதும் அந்த ஓர் ஊருக்குள் அடங்கிவிட்டதைப் போன்ற பேச்சு அது. அவர்களுடைய அனுபவமும் அதுதான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அலுவலகங்களே இத்தகைய ஊர்களில் நிலையான ஊதியம் தரும் இடங்கள். ஆசிரியர், செவிலியர், எழுத்தர், காவலர் ஆகியோரின் ஊதியம் கடைக்காரருக்குப் போகிறது. கடைக்காரர் இருப்பதால் பேருந்து ஓடுகிறது. பேருந்து ஓடுவதால் கிராமத்தார் வருகிறார்கள். அலுவலகப் பலகையைக் கழற்றினால் இந்தச் சங்கிலி முழுவதும் கழன்றுவிடும். ‘நிர்வாகத் தலைமையிடம்’ என்பது வறட்டுச் சொல்லாகத் தோன்றினாலும், ஒரு ரஷ்யச் சிற்றூருக்கு அதுவே உயிர்நாடி என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலில் வரும் இளவரசர் மிஷ்கினுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டா? நம் திரைப்பட இயக்குநர் மிஷ்கின் தம் பெயரை எங்கிருந்து எடுத்தார்?
(வாசகி, மதுரை)

பதில்: இயக்குநர் தம் பெயரை அந்த நாவலின் நாயகனிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார், ஊரிடமிருந்து அன்று. நாவல் 1868, 1869 ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. ஊர் அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முன்பே இந்தப் பெயரோடு நகரமாகிவிட்டது. ஆகவே நாவலைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்திருக்க வழியில்லை. ஊரைப் பார்த்து நாயகனுக்குப் பெயர் வைத்தார் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. மிஷ்கின் என்பது ரஷ்யாவில் பழங்காலம் முதல் வழங்கும் குடும்பப் பெயர்; 15ஆம் நூற்றாண்டில் மாஸ்கோ கிரெம்ளினில் ஒரு பேராலயத்தைக் கட்டத் தொடங்கி, அது 1474இல் கட்டி முடியும் முன்பே இடிந்து விழக் கண்ட கொத்தனார்கள் இருவரில் ஒருவருக்கும் அதே பெயர்தான்.

ரஷ்ய மொழியில் ‘மிஷ்’ என்றால் எலி, ‘மிஷ்கா’ என்றால் சிற்றெலி. அதனோடு உடைமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து ‘எலியினுடையது’ என்றாகிறது. நாயகனின் முதற்பெயர் லேவ். அதற்குச் சிங்கம் என்று பொருள். சிங்கமும் எலியும் ஒரே பெயரில் சேர்ந்திருப்பது ரஷ்ய வாசகருக்கு உடனே புலப்படும். மொழிபெயர்ப்பில் அது நமக்குக் கிடைப்பதில்லை.

ஊர்ப்பெயருக்கு ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஃபியோதர் மிஸ்திஸ்லாவ்ஸ்கி என்ற இளவரசர் வேட்டைக்குப் பின் வோல்காக் கரையில் களைத்து உறங்கியபோது, ஒரு சுண்டெலி அவர் முகத்தின்மீது ஓடி அவரை எழுப்பிவிட்டதாம். சினத்தோடு கண் விழித்தவர், தம்மை நோக்கி ஒரு பாம்பு ஊர்ந்து வருவதைக் கண்டாராம். உயிர் பிழைத்த இடத்தில் அவர் புனிதர்கள் பரீஸ், க்லேப் ஆகியோர் பெயரில் ஒரு சிறு வழிபாட்டுக்கூடம் எழுப்பினார் என்பது கதையின் முடிவு. இது வரலாறு அன்று, செவிவழிக் கதை. ஆனால் சிறியது பெரியதைக் காப்பாற்றிய கதையை ஒரு சிற்றூர் தனக்கெனத் தேர்ந்துகொண்டது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: இவ்வளவு சிறிய ஊரை நகரமாக்கியது யார்? ஏன்?
(வாசகர், சேலம்)

பதில்: பேரரசி இரண்டாம் கத்தரீன். ஆண்டு 1777.

புகாச்சோவ் என்ற கோசாக்கு வீரரின் தலைமையில் எழுந்த பெருங்கலகம் அடங்கிய மறு ஆண்டில், அதாவது 1775இல், கத்தரீன் தம் நாட்டின் நிர்வாகப் பிரிவுகளை அடியோடு மாற்றி அமைத்தார். மாகாண ஆளுநர்கள் தலைநகரங்களில் அமர்ந்திருக்க, உள்நாட்டில் அரசின் கை எட்டாத பரந்த வெளிகள் கிடந்ததைக் கலகம் வெளிப்படுத்தியிருந்தது. புதிய சட்டம் எண்களை அடிப்படையாகக் கொண்டது: மாகாணம் ஒன்றுக்கு மூன்று முதல் நான்கு லட்சம் பேர், அதற்குள் அடங்கும் ‘உயேஸ்து’ என்னும் மாவட்டம் ஒன்றுக்கு இருபது முதல் முப்பதாயிரம் பேர் என்று அளவு வகுக்கப்பட்டது, எண்ணப்பட்டவர்கள் வரிப்பதிவில் இருந்த ஆண்கள் மட்டும். உயேஸ்து ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றமும் கருவூலமும் அமைய ஒரு நகரம் தேவைப்பட்டது. நாட்டில் அத்தனை நகரங்கள் ஏது? இல்லாத இடங்களில் வசதியாக அமைந்த ஒரு கிராமத்தைத் தேர்ந்து நகரம் என்று அறிவித்தார்கள். இவ்வாறு பத்தாண்டுக் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட புதிய நகரங்கள் ரஷ்ய வரைபடத்தில் தோன்றின.

யாரஸ்லாவ்ல் மாகாணத்துக்கு 12 உயேஸ்துகள் கிடைத்தன. அலெக்ஸேய் மெல்குனோவ் என்ற ஆளுநரின் மேற்பார்வையில், வோல்காவின் மேற்பகுதியில் அடுத்தடுத்து இருந்த மூன்று குடியிருப்புகள் ஒரே ஆண்டில் நகரங்களாயின: ரிபின்ஸ்க், மொலகா, மிஷ்கின். மறு ஆண்டில் சின்னங்களும் வழங்கப்பட்டன. மாகாணச் சின்னமான கரடி மேலே நிற்க, ‘இந்நகரின் பெயரைக் குறிக்கும்’ எலி கீழே இடம்பெற்றது. வளைந்தும் நெளிந்தும் கிடந்த கிராமத்துப் பாதைகளுக்கு மாற்றாக, அளவுகோல் வைத்துக் கோடிட்டது போன்ற நேரான தெருக்கள் வகுக்கப்பட்டன. இன்றும் மிஷ்கினின் நடுப்பகுதியில் நடப்பவர் அந்தக் கோடுகளின்மீதுதான் நடக்கிறார். 1820இல் கட்டி முடிக்கப்பட்ட மரியன்னை விண்ணேற்பின் பேராலயம் ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெருமையோடு நிற்பதும், மாவட்டத் தலைநகராகிவிட்ட ஊருக்கு அத்தகைய ஒரு கட்டடம் வேண்டும் என்று வணிகர்கள் எண்ணியதன் விளைவே.

ஒரே பேனாவால் ஒரே ஆண்டில் நகரமாக்கப்பட்ட இந்த மூன்று ஊர்களும் பின்னர் சென்ற வழிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கீழ் வோல்காவிலிருந்து பெரும்படகுகளில் வந்த தானியத்தைச் சிறுபடகுகளுக்கு மாற்றிப் பீட்டர்ஸ்பர்குக்கு அனுப்பும் துறையாக ரிபின்ஸ்க் வளர்ந்தது; பின்னர் ரயிலும் ஆலைகளும் வந்தன; இன்று அது சுமார் 1,80,000 பேர் வாழும் தொழில் நகரம். மிஷ்கினுக்கு ரயில் வரவில்லை. அது பிறந்த அளவிலேயே நின்றுவிட்டது. மொலகாவைப் பற்றி அடுத்த கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: மிஷ்கினுக்கு அருகில் ஒரு நகரமே நீரில் மூழ்கியதாகப் படித்திருக்கிறேன். உண்மையா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: உண்மை. அந்த நகரம்தான் மொலகா.

வோல்காவோடு மொலகா ஆறு கலக்கும் இடத்தில் அது இருந்தது. பீட்டர்ஸ்பர்குக்குச் செல்லும் திஹ்வின் நீர்வழி அங்கே தொடங்கியதால், வணிகத்தில் அது மிஷ்கினைவிடச் செழிப்பாகவே இருந்தது. சோவியத் காலத்திலும் அது ஒரு மாவட்டத் தலைநகர். 1935 செப்டம்பரில் ரிபின்ஸ்க், உக்லிச் ஆகிய இடங்களில் அணைகள் கட்ட அரசு முடிவெடுத்தது. முதல் திட்டத்தின்படி நீர்த்தேக்கத்தின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 98 மீட்டர். மொலகாவின் பெரும்பகுதி அந்த உயரத்துக்குச் சற்று மேலே இருந்ததால் தப்பியிருக்கும். மின்னுற்பத்தியைப் பெருக்குவதற்காக மட்டத்தை 102 மீட்டராக உயர்த்தினார்கள். அந்த நான்கு மீட்டர் நகரத்தின் கதையை முடித்துவிட்டது.

சுற்றிலும் இருந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்தும் மொலகாவிலிருந்தும் சுமார் 1,30,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மரவீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டைக்கும் எண்ணிட்டு, தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டு ரிபின்ஸ்குக்குக் கொண்டுபோய் மீண்டும் அடுக்கினார்கள். பெயர்த்தெடுக்க முடியாத செங்கல் தேவாலயங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அணையைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் வோல்காலாக் என்ற முகாமின் கைதிகள். பசியாலும் நோயாலும் அங்கே மாண்டவர்கள் ஏராளம். 1941 ஏப்ரல் 13 அன்று மதகுகள் அடைக்கப்பட்டு நீர் தேங்கத் தொடங்கியது. முழு மட்டத்தை எட்ட 1947 வரை ஆயிற்று. 4,580 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நீர்த்தேக்கத்தை உள்ளூரார் கடல் என்றே சொல்கிறார்கள். அதே 1941 நவம்பரில், பகைவர் மாஸ்கோவின் வாசலில் நின்றபோது, ரிபின்ஸ்க் நிலையத்தின் முதல் மின்னாக்கி இயங்கித் தலைநகருக்கு மின்சாரம் தந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மின்சாரம் கிடைத்தது என்பதற்காக, மொலகாக்காரர்களின் துயரத்தை ஒரு கணக்குப் புத்தகத்தில் கழித்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் கூழாங்கல் பதித்த தெருக்களும் வீட்டு அடித்தளங்களும் சேற்றிலிருந்து வெளிப்படுகின்றன. மொலகாவில் பிறந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஆகஸ்டு மாதத்தில் ரிபின்ஸ்கில் கூடுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

மிஷ்கின் உக்லிச் அணைக்கும் ரிபின்ஸ்க் நீர்த்தேக்கத்துக்கும் இடையே இருக்கிறது. தேங்கிய நீர் பின்னேறி வந்தபோது அதன் தாழ்ந்த பகுதிகள் நீருக்குள் போயின. செங்குத்தான இடது கரையின்மீது அமைந்திருந்ததால் ஊர் தப்பியது.

கேள்வி: நீரிலிருந்து தப்பிய ஊர், தன் நகரத் தகுதியை இழந்ததாகவும் எங்கோ படித்தேன். ஒரு நகரம் எப்படி நகரமாக இல்லாமல் போகும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: ரஷ்யாவில் நகரம் என்பது மக்கள் வாழும் இடத்தின் இயல்பான பெயர் அன்று, அரசு வழங்கும் தகுதி. வழங்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அரசால் முடியும். 1920களில் சோவியத் அரசு உயேஸ்துகளைக் கலைத்து ரயோன்களை அமைத்தபோது, நகரம் என்றால் ஆலையும் தொழிலாளரும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. மிஷ்கினில் ஆலை இல்லை. கத்தரீன் நகரமாக்கிய ஊர் மீண்டும் கிராமமாக்கப்பட்டது. 1929இல் அமைந்த ரயோனின் தலைமையிடம் என்ற தகுதி மட்டும் அதற்குக் கிடைத்தது. 1943இல் ‘நகரியக் குடியிருப்பு’ என்ற இடைநிலைத் தகுதி வந்தது. அது நகரமும் அன்று, கிராமமும் அன்று.

இதில் மொழி சார்ந்த ஒரு நுட்பம் இருக்கிறது. ரஷ்ய மொழியில் நகரத்தைக் குறிக்கும் ‘கோரத்’ ஆண்பால் சொல். கிராமத்தைக் குறிக்கும் ‘செலோ’ ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாற்சொல். ஊர்ப்பெயரும் பொதுப்பெயரின் பாலைத் தழுவி முடியும். ஆகவே தகுதி போனதும் ‘மிஷ்கின்’ என்ற பெயர் ‘மிஷ்கினோ’ ஆகிவிட்டது. கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்த ஓர் எழுத்து, ஒவ்வொரு முறை முகவரி எழுதும்போதும், நீங்கள் இனி நகரத்தார் அல்லர் என்று ஊராருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது.

இழந்ததை மீட்கும் முயற்சி அலுவலகத்தில் தொடங்கவில்லை. பழம்பொருள் சேகரித்தவர்களிடம் தொடங்கியது. 1966இல் ஊரார் தாங்களே ஒரு மக்கள் அருங்காட்சியகத்தை நிறுவினார்கள். எழுத்தாளரும் ஊர் வரலாற்றாய்வாளருமான விளாதிமிர் கிரெச்சூஹின் அதன் உந்துசக்தியாக இருந்தார். நூற்புக் கருவி, ஏர், படகு, கதவுச் சட்டம், ஆளில்லாமல் போன கிராமங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மரக்கட்டடங்கள் என்று அவர்கள் சேர்த்தவை, ஒரு மாவட்டத்தின் வாழ்க்கையை முழுமையாகக் காட்டுபவை. 1870களில் ஓபச்சீனின் என்ற நிலக்கிழாரின் முயற்சியால் அமைந்த பொதுநூலகம் அவர் பெயராலேயே இன்றும் அங்கே இயங்குகிறது. இப்படிப்பட்ட நினைவுகள் இருந்ததால்தான், நாங்கள் நகரம் என்று உரிமையோடு கேட்க அவர்களால் முடிந்தது. 1991இல் நகரத் தகுதியும், ஓகாரம் நீங்கிய பழைய பெயரும் திரும்பக் கிடைத்தன. அந்த நாளில் ஊரின் மக்கள்தொகை ஒருவர்கூடக் கூடியிருக்கவில்லை. ஆனால் ஊர் தன்னைப் பற்றி நினைக்கும் விதம் மாறியது என்று நான் நம்புகிறேன். அதற்குப் பின் நடந்தவை எல்லாம் அந்த நம்பிக்கையை உறுதிசெய்கின்றன.

கேள்வி: மிஷ்கின்தான் ரஷ்யாவின் மிகச் சிறிய நகரமா?
(பள்ளி மாணவர், நாகர்கோவில்)

பதில்: இல்லை, தம்பி. துலா மாகாணத்தின் செக்காலின் நகரத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை. கடுங்குளிருக்குப் பெயர்போன சைபீரியாவின் வெர்ஹயான்ஸ்கிலும் ஆயிரம் பேர் அளவில்தான். ஆனால் அவை இரண்டும் இன்று மாவட்டத் தலைநகரங்கள் அல்ல. புதிதாக ஓர் ஊரை நகரமாக்க 12,000 பேராவது இருக்க வேண்டும் என்று சோவியத் காலத்தில் ஒரு விதி வகுத்தார்கள்; வரலாற்றுப் பெருமையால் விதிவிலக்குப் பெற்ற சிறு நகரங்கள் அங்கே பல.

கேள்வி: எலிகளுக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்துப் பிழைப்பு நடத்துவது ஒரு பழம்பெரும் நகரத்துக்கு அழகா? பெயரை வைத்து விளையாட்டுக் காட்டுவதாகாதா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: கண்டிப்பான கேள்வி, அதற்குக் கண்டிப்பாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எலி அருங்காட்சியகம் 1990களின் தொடக்கத்தில், அதாவது சோவியத் ஒன்றியம் சிதைந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. கூட்டுப்பண்ணைகள் கலைந்து, ஊதியம் மாதக்கணக்கில் தாமதமாகி, சிற்றூர்களின் இளைஞர்கள் பெருநகரங்களுக்கு ஓடிய காலம் அது. அந்நேரத்தில் மிஷ்கின்காரர்களிடம் நிதி இல்லை, ஆலை இல்லை, ரயில் இல்லை. பெயர் ஒன்றுதான் இருந்தது. களிமண்ணிலும் துணியிலும் மரத்திலும் கண்ணாடியிலும் செய்த எலிகளை அனுப்பித் தாருங்கள் என்று கேட்டார்கள். பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்தன. வோல்காவில் செல்லும் பயணக் கப்பல்கள் அங்கே நிற்கத் தொடங்கின. கப்பல் நிற்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும் பயணிகள் முதலில் எலியைப் பார்க்கத்தான் போகிறார்கள்; ஆனால் போகிற வழியில் கம்பளிக் காலணிகளான ‘வாலென்கி’க்கென்று ஓர் அருங்காட்சியகம், மரக்கட்டடங்களின் தொகுதி, கொல்லர் பட்டறை ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். மிஷ்கின் உயேஸ்தின் கயூரவோ கிராமத்தில் 1831இல் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து, மாஸ்கோவில் பெரும் மதுவணிகரான பியோத்ர் ஸ்மிர்னோவின் வாழ்க்கையைக் காட்டும் கூடமும் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரஸ்லாவ்ல் மாகாண உழவர்கள் மண்ணில் விளைச்சல் போதாமல் மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்குக்கும் போய்க் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வேலை செய்வது பெருவழக்கு. ஸ்மிர்னோவ் அவ்வாறு சென்றவர்களில் ஒருவர். ஆகவே வேடிக்கை பார்க்க வந்தவர், தம்மை அறியாமல் ஒரு மாவட்டத்தின் உழைப்பின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு கப்பலுக்குத் திரும்புகிறார். எலி வாசற்படி மட்டுமே. வீடு உள்ளே இருக்கிறது.

உங்கள் ஐயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வோல்காவில் கப்பல் ஓடுவது மே மாதம் முதல் இலையுதிர்காலம் வரைதான். நதி உறைந்த பின் ஊர் அடங்கிவிடுகிறது. கோடையில் பாசிமணியும் பொம்மையும் விற்றவருக்குக் குளிர்காலத்தில் வருமானம் இல்லை. வடக்கிலிருந்து வரும் எரிவாயுக் குழாய்ப்பாதையின் அழுத்த நிலையம் ஒன்று மிஷ்கினில் இருக்கிறது; ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் முதன்மையான வேலை வாய்ப்பு அதுவும், நான் முதலில் சொன்ன மாவட்ட அலுவலகங்களும்தான். எலியால் ஊர் புகழடைந்தது. ஆனால் பனிக்காலத்தில் ஊரைத் தாங்குவது அலுவலகமும் பள்ளியும் மருத்துவமனையும் என்பதே என் கருத்து. அதனால்தான் அண்மை ஆண்டுகளில் ரஷ்ய மாகாணங்கள் பலவற்றில், சிற்றூர் ஆட்சிகளைக் கலைத்து மாவட்டம் முழுவதையும் ஒரே நிர்வாகமாக்குவதையும், மாவட்ட மருத்துவமனைகளின் பிரிவுகளைப் பெருநகர மருத்துவமனைகளோடு இணைப்பதையும் கவலையோடு கவனிக்கிறேன். சிக்கனம் என்று காகிதத்தில் தோன்றுவது, கிராமத்து மூதாட்டி ஒருவருக்கு இன்னும் 40 கிலோமீட்டர் பயணமாக முடியக்கூடும்.

கேள்வி: மிஷ்கினுக்கு எப்படிப் போவது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ரயிலில் நேராகப் போக முடியாது. ரிபின்ஸ்க் பாதையில் உள்ள வோல்கா என்ற நிலையம்தான் அருகில் இருப்பது. அதுவும் ஊரில் இல்லை. யாரஸ்லாவ்ல், ரிபின்ஸ்க், உக்லிச் ஆகிய நகரங்களிலிருந்து பேருந்து உண்டு. மிஷ்கினில் வோல்காவின்மீது பாலம் இல்லாததால், வலது கரையிலிருந்து வருபவர்கள் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டைப் படகில் நதியைக் கடக்க வேண்டும். படகிலிருந்து பார்க்கும்போது மேட்டின்மீது இரண்டு பேராலயங்களும், அவற்றைச் சுற்றி மரங்களுக்கிடையே தாழ்ந்த கூரைகளும் தெரியும். கோடைக் கப்பலில் போவதே எளிது. ஆனால் கப்பல் சில மணி நேரமே நிற்கும் என்பதால், ஊரைப் பார்க்க விரும்புபவர் ஓர் இரவாவது தங்குவது நல்லது.

கேள்வி: தலைநகரைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த மாவட்டத்தின் கிராமங்களில் என்ன இருக்கிறது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

மிஷ்கின் மாவட்டத்தில் காத்கா என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் கரைக் கிராமங்களில் வாழ்பவர்கள் தங்களைக் ‘காத்ஸ்காரி’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களும் ரஷ்யர்களே, பேசுவதும் ரஷ்ய மொழியே. ஆனால் தங்களுக்கெனத் தனிச்சொற்களும், தனிப் பழக்கங்களும், தங்கள் பள்ளத்தாக்கின் எல்லை பற்றிய தெளிவான உணர்வும் அவர்களிடம் உண்டு. மர்த்தினவோ என்ற கிராமத்தில் அவர்கள் தங்கள் வழக்குச் சொற்களைத் தொகுத்து, ‘காத்காவின் வரலாற்றேடு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு செய்தித்தாளும் நடத்தி, மரவீடு ஒன்றில் அருங்காட்சியகமும் அமைத்திருக்கிறார்கள். எலியைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புபவர்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை.

போகிறவர்களை விருந்தினராகவே நடத்துகிறார்கள். தடித்த சுவருடைய ரஷ்ய அடுப்பில் மெல்ல வெந்த கஞ்சியும் உருளைக்கிழங்கும், அதே அடுப்பில் பழுப்பேறும்வரை சுண்டவைத்த பாலும் மேசைக்கு வரும். அந்தப் பால் கருநிறப் பசுவினுடையது என்று சொல்லித்தான் தருவார்கள். மற்ற பசுக்களின் பாலைவிட அது சுவையானது என்பது காத்ஸ்காரிகளின் உறுதியான நம்பிக்கை.